கி.பி. 80-இல் ரோம்: திரைப்படம் காட்டுவது எது, சான்று சொல்வது எது?

செவ்வந்தி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு சித்திரக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை கி.பி. 80-இல் ரோம் நகரில் நடக்கிறது. இன்று கொலோசியம் என்று நாம் அழைக்கும் அரங்கத்தைப் பேரரசர் டைட்டஸ் திறந்துவைத்து, 100 நாள் விழா நடத்திய ஆண்டு அது. ரொட்டி சுடுபவர் ஒருவரின் மகன் தன் தாயுடன் அந்த விழாவைப் பார்க்கப் போகிறான். அங்கே அவனுக்கு நேர்பவைதான் கதை.

ஓவியர் இளைஞர், கைத்திறன் மிக்கவர். ஆனால் அவர் அனுப்பியுள்ள பென்சில் வரைவுகள் ஒவ்வொன்றும் முன்பே எங்கோ பார்த்தவையாகத் தோன்றுகின்றன. தோற்றுக் கிடக்கும் கிளாடியேட்டரைக் கொல்லும்படி பேரரசர் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டுகிறார். சண்டைக்கு முன் வீரர்கள் வரிசையாக நின்று, ‘சாகப்போகும் நாங்கள் உம்மை வணங்குகிறோம்’ என்று முழங்குகிறார்கள். படைவீரர்கள் வலக்கையை விறைப்பாக நீட்டி வணக்கம் செலுத்துகிறார்கள். சிறுவனின் தாய்மாமன் போர்க்கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் துடுப்பு வலிக்கிறார். அவருக்குப் பின்னால் ஒருவன் சவுக்குடன் நிற்கிறான். நகரமோ, சிலைகள் உட்பட, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த தெருவைப் போல ஒரே வெள்ளை.

எந்த நூலைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டேன். நூல் எதுவும் இல்லை, ரோம் என்றால் இப்படித்தானே இருக்கும் என்றார். அவரைக் குறை சொல்ல மனமில்லை. தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட ஹாலிவுட் படங்களையும் கணினி விளையாட்டுகளையும் பார்த்து வளர்ந்த எவருடைய மனத்திலும் இந்த ரோம்தான் குடியிருக்கும்.

இந்த ஐந்து காட்சிகளில் பழைய சான்று உள்ளவை எவை என்பதே என் முதல் கேள்வி. சான்று இல்லாதவை திரைப்படக்காரர்களின் கற்பனைதானா, அதற்கும் முன்பே வேறெங்காவது பிறந்தவையா? இவற்றை நீக்கிவிட்டால், பிள்ளைகளைப் பக்கத்தைப் புரட்டவிடாமல் நிறுத்திவைக்கக்கூடிய வேறு காட்சிகள் ரோமானியரிடமே கிடைக்குமா?

பழஞ்சுவடி:

செவ்வந்தி அம்மா, அரங்கத்தைப் பற்றிய இரண்டு காட்சிகளுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றவற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கீழ்நோக்கிய கட்டைவிரல் திரைப்படத்தில் பிறந்ததன்று. பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் 1872-இல் தீட்டிய ஓர் ஓவியத்தில், வென்றவன் தோற்றவனின் கழுத்தில் கால் வைத்து மேலே பார்க்க, வெள்ளாடை உடுத்த வெஸ்டா தெய்வத்தின் பூசாரிப் பெண்கள் முன்வரிசையிலிருந்து கட்டைவிரலைக் கீழே காட்டி ஆர்ப்பரிக்கிறார்கள். அந்த ஓவியம் இப்போது அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2000-இல் வெளிவந்த ‘கிளாடியேட்டர்’ படத்தை இயக்க ரிட்லி ஸ்காட்டை அணுகிய தயாரிப்பாளர்கள், திரைக்கதையைக் காட்டுவதற்கு முன் இந்த ஓவியத்தின் படியைத்தான் அவரிடம் காட்டினார்கள் என்பது பலமுறை அவரே சொன்ன செய்தி. ஆகவே உங்கள் ஓவியர் நகலெடுத்தது திரைப்படத்தை. திரைப்படம் நகலெடுத்தது ஓர் ஓவியத்தை. அந்த ஓவியத்துக்கு அடிப்படையாக இருந்தவை, கூட்டம் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டியதாகச் சொல்லும் சில லத்தீன் வரிகள். எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதை ரோமானியக் கவிஞர் ஜுவெனல் உள்ளிட்ட எவரும் சொல்லவில்லை. கீழ்நோக்கி என்று முடிவு செய்தவர் ஜெரோம்.

உங்கள் கதை நடக்கும் அதே ஆண்டுக்கு, அதே விழாவுக்கு, நேரடியான சான்று ஒன்று இருக்கிறது. அந்தத் திறப்பு விழாவைப் பாடிய கவிஞர் மார்ஷியல், பிரிஸ்கஸ், வெரஸ் என்ற இரு வீரர்களின் சண்டையை ஒரு சிறு பாடலில் வருணித்திருக்கிறார். கிளாடியேட்டர் சண்டை ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்லும் பழம்பாடல் அநேகமாக அது ஒன்றுதான். இருவரும் விட்டுக்கொடுக்காமல் நெடுநேரம் பொருதுகிறார்கள். இருவரையும் விடுவிக்கும்படி கூட்டம் கூவுகிறது. கேடயத்தைக் கீழே வைத்து ஒருவன் விரலை உயர்த்தும்வரை சண்டை நடக்க வேண்டும் என்பது விதி. பேரரசர் தாமே விதித்த அந்த விதியை மீறவில்லை. இடையிடையே தட்டுகளில் உணவும் பரிசும் மட்டும் அனுப்புகிறார். கடைசியில் இருவரும் ஒரே சமயத்தில் பணிய, டைட்டஸ் இருவருக்கும் வெற்றிக்குரிய பனையோலையும், விடுதலைக்கு அடையாளமான மரவாளும் அனுப்பிவைக்கிறார். இரண்டு பேர் மோதி இருவருமே வென்றது இதற்குமுன் எந்த மன்னன் காலத்திலும் நடக்கவில்லை என்று கவிஞர் முடிக்கிறார். முகத்துதி கலந்த பாடல்தான். இருந்தாலும் கொல்லச் சொல்லும் கட்டைவிரலைவிட, தோற்றவன் தானே உயர்த்தும் விரல் உங்கள் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும்.

திரைப்படங்களில் ஒவ்வொரு சண்டையும் சாவில் முடிகிறது. நடைமுறையில் அது கட்டுப்படியாகாத செலவு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயஸ் தம் பாடநூலில் ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டுகிறார். வீரர்களை அனுப்புகிறவருக்கு, காயமின்றித் திரும்பும் ஒவ்வொருவருக்கும் 20 தினாரியும் (ரோமானிய வெள்ளிக்காசு), செத்தவருக்கோ ஊனமானவருக்கோ 1,000 தினாரியும் தரவேண்டும். இதில் முன்னதை வாடகை என்றும் பின்னதை விற்பனை என்றும் கொள்ளலாமா என்பது மாணவர்களுக்கான சட்டச் சிக்கல். ஐம்பது மடங்கு விலை கொடுத்து விழா நடத்துகிறவர் எத்தனை பேரைச் சாகவிடுவார் என்று எண்ணிப் பாருங்கள். மொசைக் சித்திரங்களில் வீரர்களுக்கு அருகே நீண்ட கோலுடன் நடுவர்கள் நிற்கிறார்கள். அந்த நடுவரை நான் பார்த்த படங்களில் காண்பது அரிது. அவர் வந்தால் சண்டை விளையாட்டாகத் தெரிந்துவிடும் என்ற அச்சமோ என்னவோ.

‘சாகப்போகும் நாங்கள்’ என்ற வாசகத்துக்குச் சான்று உண்டு, ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான். கி.பி. 52-இல் ஃபூசினோ ஏரியில் பேரரசர் கிளாடியஸ் நடத்திய போலிக் கடற்போரில் அதைச் சொன்னவர்கள் கிளாடியேட்டர்கள் அல்லர். தண்டனை பெற்ற கைதிகள். அவர்கள் 19,000 பேர் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அதன்பின் நடந்ததை, பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சுவெட்டோனியஸ் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய வணக்கத்துக்குக் கிளாடியஸ், ‘இல்லாமலும் போகலாம்’ என்று பதில் சொல்ல, அதைப் பொதுமன்னிப்பு என்று எடுத்துக்கொண்ட கைதிகள் போரிட மறுத்து நின்றுவிட்டார்கள். பேரரசர் இருக்கையிலிருந்து குதித்து, தள்ளாடும் கால்களோடு ஏரிக்கரையில் ஓடி, பாதி மிரட்டியும் பாதி கெஞ்சியும் அவர்களைச் சண்டையில் இறக்க வேண்டியதாயிற்று. இந்தக் காட்சியை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

கேட்காமலே இரண்டு செய்திகள் சொல்கிறேன். தாயும் மகனும் அருகருகே உட்கார முடியாது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலிருந்தே பெண்களுக்கு மேல்தட்டில் இடம். சிறுவர்களுக்கும் அவர் தனிப்பகுதி ஒதுக்கியிருந்தார். மேலும், அரங்கத் தரைக்கு அடியிலிருந்து மேடைகள் உயர்ந்து சிங்கங்கள் பாய்ந்து வருவதாக ஓவியர் வரைந்திருந்தால் நிறுத்திவையுங்கள். அந்தச் சுரங்க அறைகள் டைட்டஸுக்குப் பின் வந்த அவருடைய தம்பி டொமிஷியன் காலத்தைச் சேர்ந்தவை என்பதே பொதுவான கருத்து.

நடுநிசி:

பழஞ்சுவடி ஐயா சொன்ன சான்றுகளை மறுக்கவில்லை. ஆனால் சித்திரக்கதை என்பது படத்தால் பேசும் கலை. கட்டைவிரல் கீழே இறங்கினால் என்ன பொருள் என்று உலகம் முழுவதும் பிள்ளைகளுக்குத் தெரியும். மார்ஷியலை நம்பித் தோற்ற வீரனை ஆள்காட்டி விரலை உயர்த்தவைத்தால், நம் பள்ளிப் பிள்ளைகள் அவன் ஆசிரியரிடம் எதற்கு அனுமதி கேட்கிறான் என்று எண்ணுவார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. படிக்கிறவரிடம் ஏற்கெனவே உள்ள குறியீட்டை ஓரளவு ஒப்புக்கொண்டுதான் கதை சொல்ல முடியும்.

பழஞ்சுவடி:

சிரித்துவிட்டேன். ஆனால் அதற்குத் தீர்வு எளிது, நடுநிசி. கேடயம் முதலில் தரையில் விழட்டும், நடுவரின் கோல் இருவருக்கும் நடுவே நீளட்டும், பிறகு விரல் உயரட்டும். மூன்று கட்டங்களில் வரைந்துவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் ஐயம் வராது. வாசகருக்குத் தெரிந்த குறியீட்டையே என்றென்றும் பயன்படுத்த வேண்டும் என்றால், 1872-ஆம் ஆண்டிலேயே நாம் எல்லோரும் நின்றுவிட வேண்டியதுதான்.

ஆழித்துடுப்பு:

கப்பல் காட்சியை முழுவதும் மாற்றிவிடுங்கள், அம்மா. ரோமானியக் கடற்படையில் துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் பெற்ற சுதந்திர மனிதர்கள். எகிப்து, திரேஸ் போன்ற பகுதிகளிலிருந்து சேர்ந்தவர்கள். 26 ஆண்டு பணி முடித்தால் ரோமானியக் குடியுரிமை கிடைத்தது. நெருக்கடியில் அடிமைகளைச் சேர்க்க நேர்ந்தபோது அவர்களை முதலில் விடுவித்த நிகழ்ச்சிகளும் உண்டு. சங்கிலியும் சவுக்கும் மத்தியதரைக் கடலில் மிகப் பிற்காலத்தவை. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து வெனிஸ், பிரான்ஸ், ஒட்டோமான் கப்பல்களில் கைதிகளும் போரில் பிடிபட்டவர்களும் அப்படிக் கட்டப்பட்டார்கள். அந்தக் காட்சியை ரோமுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியதில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்த லூ வாலஸ் 1880-இல் எழுதிய ‘பென்-ஹர்’ நாவலுக்குப் பெரும்பங்கு உண்டு. 1959-இல் அது 11 ஆஸ்கார் விருது பெற்ற படமாக வந்தபின் அதை அசைக்க யாராலும் முடியவில்லை. படத்தில் ஒருவன் முரசை அடித்து வேகத்தைக் கூட்டுவான் அல்லவா? பழைய ஏதென்ஸ் கப்பல்களில் தாளத்துக்கு வாசித்தது குழல்.

சங்கிலி ஏன் பொருந்தாது என்பது துடுப்பைப் பிடித்தவர்களுக்குப் புரியும். பண்டைய மூவடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றைக் கிரேக்க நாட்டில் மறுபடி கட்டி, ‘ஒலிம்பியாஸ்’ என்று பெயரிட்டு 1987-இல் கடலில் இறக்கினார்கள். 170 பேர் வலிக்க வேண்டிய கப்பல் அது. ஒருவருடைய துடுப்பு சற்றுப் பிசகினாலும் அடுத்தவருடையதில் மோதும். பசியோடு பிணைத்துவைத்த மனிதரை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட கப்பலைப் போர்முனையில் சட்டென்று திருப்ப முடியாது.

தாய்மாமனை நீங்கள் இழக்கவும் வேண்டாம். அரங்கின் மேல் வெயிலுக்காக விரித்த மாபெரும் துணிப்பந்தலைக் கயிறுகளால் இழுத்துக் கட்டியவர்கள் மிசேனம் துறைமுகக் கடற்படையினர். பாய்மரத்தைக் கையாளத் தெரிந்தவர்களுக்குத்தானே அந்த வேலை வரும்! மாமன் உச்சியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அங்கிருந்து 50,000 பேர் கூடிய அரங்கத்தை வரைய உங்கள் ஓவியருக்கு நல்ல கோணம் கிடைக்கும்.

நீட்டிய கை வணக்கத்தை நான் கண்டிப்பாக நீக்கச் சொல்வேன். கையை உயர்த்திப் பேசும் ரோமானியச் சிலைகள் உண்டு. ஆனால் படைவீரன் தலைவனுக்கு இப்படி விறைத்த கையோடு வணக்கம் செலுத்துவதாகக் கூறும் நூலோ, காட்டும் சிற்பமோ கிடைக்கவில்லை. 1784-இல் ரோமில் தங்கியிருந்து ஜாக்-லூயி டேவிட் தீட்டிய ஓவியத்தில், மூன்று சகோதரர்கள் தந்தை ஏந்திய வாள்களை நோக்கிக் கை நீட்டிச் சூளுரைக்கிறார்கள். அங்கிருந்து அந்தக் கை மேடை நாடகங்களுக்குப் போயிற்று; பிறகு 1914-இல் இத்தாலியில் வெளிவந்த ‘கபீரியா’ என்ற ஊமைப்படத்தில் ரோமானியரின் வழக்கமாகவே இடம்பெற்றது. அந்தப் படத்தின் எழுத்தட்டைகளுக்கு வாசகம் எழுதிய கவிஞர் கபிரியேலே தனுன்சியோ, 1919-இல் தம் ஆட்களுடன் ஃபியூமே நகரைக் கைப்பற்றியபோது இதைத் தம் கூட்டத்தின் சடங்காக்கினார். அவரிடமிருந்து முசோலினி எடுத்துக்கொண்டார், அவரைப் பார்த்து நாஜிகள். சினிமா அரங்கிலிருந்து புறப்பட்ட ஒரு கை, இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்ற பெயரில் அரசியல் மேடை ஏறியது. பிள்ளைகளுக்கான நூலில் தெரியாமல் அதை வரைந்துவைப்பது நல்லதன்று.

செவ்வந்தி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மாமனைப் பந்தலுக்கு ஏற்றும் யோசனையை ஓவியரிடம் சொன்னேன். அவர் உடனே இரண்டு புதிய வரைவுகள் அனுப்பிவிட்டார். தாயும் மகனும் பிரிந்து உட்கார வேண்டும் என்பது கதைக்கும் நல்ல முடிச்சாகிவிட்டது. வெள்ளை நிறத்தைப் பற்றி யாரேனும் சொல்லுங்கள். வண்ணம் தீட்டும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது.

மஞ்சணத்தி:

வெள்ளைச் சிலைகளுக்குக் காரணம் மண்ணும் மழையும் காலமும். அவற்றை அழகின் இலக்கணமாக்கியது 18-ஆம் நூற்றாண்டு. ஜெர்மன் அறிஞர் விங்கெல்மன் 1764-இல் வெளியிட்ட பண்டைக் கலை வரலாறு, வெள்ளைப் பளிங்கின் தூய வடிவத்தைப் போற்றிப் பல தலைமுறைகளின் கண்ணைப் பழக்கிவிட்டது. 1863-இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில் அகஸ்டஸின் சிலை கிடைத்தபோது, அதன் ஆடையிலும் மார்புக்கவசத்திலும் சிவப்பு, நீலம் முதலிய நிறங்களின் எச்சம் தெளிவாகவே இருந்தது. அப்படியும் பழக்கம் மாறவில்லை. 1930-களின் இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களைச் செம்புக் கருவிகளால் சுரண்டிக்கூட வெள்ளையாக்கினார்கள்.

இப்போது நிறத்தைக் கண்டுபிடிப்பது ஊகத்தால் அன்று. புற ஊதா ஒளியிலும், சாய்வாகப் பாய்ச்சிய ஒளியிலும், மறைந்துபோன வண்ணப்பூச்சின் எல்லைக்கோடுகள் தெரிகின்றன. எகிப்திய நீலம் என்ற பழைய நிறமி இன்னும் வசதியானது. அதன்மீது சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அது அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத பளிங்கில் ஓரிரு துகள் ஒட்டியிருந்தாலும், அதற்கான கேமராவில் விண்மீன்போல் மின்னும். இப்படித் திரட்டிய சான்றுகளைக் கொண்டு வண்ணம் தீட்டிய படிகளை 2003-இல் மியூனிக் நகரில் காட்சிக்கு வைத்தார்கள். அந்தக் கண்காட்சி பிறகு பல நாடுகளுக்குச் சென்றது. பார்த்தவர்களில் பலர் கண்ணைக் கூசுகிறது என்றார்கள். நம் ஊர்க் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தப் படிகளிலும் ஒரு குறை உண்டு. அடிப்பூச்சின் நிறம் உறுதியாகக் கிடைக்கிறது, அதன்மேல் ஓவியர் இழைத்த நிழலும் நயமும் கிடைப்பதில்லை. அதனால்தான் அவை தட்டையாகத் தோன்றுகின்றன. உங்கள் ஓவியர் கடையில் விற்கும் பொம்மைபோல் பூசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் திரைப்படங்களைவிடக் கணினி விளையாட்டுகள் முந்திக்கொண்டன. 2018-இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி’யில் கிரேக்கக் கோயில்களும் சிலைகளும் வண்ணத்தோடு நிற்கின்றன. அதற்கு முந்தைய எகிப்து விளையாட்டுக்கு, சண்டை நீக்கிய கல்விப் பதிப்பு ஒன்றையும் அதே நிறுவனம் வெளியிட்டது. அதில் மாணவர்களுக்காக என்று சொல்லி ஆடையற்ற சிலைகளின் இடுப்பைச் சிப்பிகளால் மறைத்திருந்தார்கள்! நிறத்தில் அவ்வளவு கவனம், உடம்பில் இவ்வளவு நாணம். பண்டை உலகம் எவ்வளவு தூரம் திறக்கப்பட வேண்டும் என்பதை இன்றைய சந்தை முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நகரத்தை வரையப் பளிங்கை மறந்துவிடுங்கள். சாதாரண மக்கள் வாழ்ந்த அடுக்குவீடுகள் செங்கல்லும் காரையும் மரமும் கொண்டவை. உங்கள் கதைக்கு முந்தைய ஆண்டான கி.பி. 79-இல்தான் வெசுவியஸ் வெடித்துப் பாம்பேயைப் புதைத்தது. அங்குள்ள தெருச்சுவர்களின் அடிப்பகுதிச் சிவப்பும், அதன்மேல் தூரிகையால் எழுதிய தேர்தல் விளம்பரங்களும் நேராக உங்கள் பக்கத்துக்கு வரலாம். சிறுவன் ரொட்டிக்கடைக்காரர் மகன் என்பதால் இன்னொன்று. பாம்பேயின் ஒரு ரொட்டிக்கடை அடுப்பில் 81 ரொட்டிகள் கருகிய நிலையில் அப்படியே கிடைத்தன. வட்டமானவை, எட்டுத் துண்டாகப் பிட்டெடுக்க வசதியாக மேலே கீறல் உள்ளவை. ரோம் நகரிலேயே, போர்ட்டா மஜோரே வாயிலருகே, யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை இருக்கிறது. மாவரைப்பது, பிசைவது, சுடுவது, எடை போடுவது எல்லாம் அதன் மேல்பகுதியில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. உங்கள் முதல் இரண்டு பக்கங்களை ரோமானியச் சிற்பி ஏற்கெனவே வரைந்து வைத்துவிட்டார் என்றே சொல்லலாம்.

நடுநிசி:

என் பக்கத்து வாதத்தை இன்னும் சற்று வலுவாக வைக்க அனுமதியுங்கள். திரைப்படங்கள் ரோமைப் பற்றி அறியாமையால் மட்டும் தவறுகின்றன என்ற தொனி இந்த உரையாடலில் ஓடுகிறது. பல சமயம் அவர்கள் அறிந்தே மாற்றுகிறார்கள், அந்த மாற்றத்தில் அவர்களுடைய காலம் பேசுகிறது.

1960-இல் வந்த ‘ஸ்பார்டகஸ்’ படத்தின் முடிவில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைவனான ஸ்பார்டகஸ் சிலுவையில் அறையப்படுகிறான். பழைய ஆசிரியர்கள் சொல்வது வேறு. அவன் கி.மு. 71-இல் கடைசிப் போரில் வெட்டுண்டு வீழ்ந்தான், உடல் கிடைக்கவில்லை. கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவையில் தொங்கவிடப்பட்டவர்கள் பிடிபட்ட 6,000 பேர். பிடிபட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ‘நானே ஸ்பார்டகஸ்’ என்று சொல்லும் காட்சிக்கும் பழைய நூல்களில் ஆதாரம் கிடையாது. ஆனால் அந்தத் திரைக்கதையை எழுதிய டால்டன் டிரம்போ, தம் கம்யூனிஸ்டுத் தொடர்பு பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்துச் சிறைக்குப் போனவர். பல ஆண்டுகள் மாற்றுப் பெயர்களில் எழுதிப் பிழைத்தவர். அவருடைய சொந்தப் பெயர் மீண்டும் திரையில் வந்தது அந்த ஆண்டில்தான். சக மனிதனைக் காட்டிக்கொடுக்காத அந்தக் கூட்டம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கேட்டால், நான் கி.மு. 71 என்று சொல்ல மாட்டேன். வரலாறாக அந்தக் காட்சி பொய். ஆயினும் அதை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழஞ்சுவடி:

வெட்ட வேண்டாம். காரணத்தோடு மாற்றியதற்கும் பழக்கத்தால் மாறிப்போனதற்கும் வேறுபாடு உண்டு என்பதே என் கட்சி. டிரம்போவின் காட்சி முதல் வகை. செவ்வந்தி அம்மாவுக்கு வந்த ஐந்து வரைவுகளும் இரண்டாம் வகை.

‘கிளாடியேட்டர்’ படத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. பேரரசர் மார்கஸ் ஆரேலியஸ் ஆட்சியைச் செனட் சபையிடம் திருப்பித் தர எண்ணினார் என்பது, குடியரசை விரும்பும் இக்காலப் பார்வையாளருக்காகச் செய்த மாற்றம். உண்மையில் அவர் மகன் கொமோடஸைக் கி.பி. 177-இலேயே இணைப் பேரரசராக்கிவிட்டார். கொமோடஸ் அரங்கில் இறங்கிச் சண்டையிட்டது மட்டும் மெய். அவர் செத்தது அரங்கில் அன்று. 192-ஆம் ஆண்டின் கடைசி நாளில், முதலில் நஞ்சு கொடுத்து, அது பலிக்காமல் போகவே நார்சிசஸ் என்ற மல்லனைக் கொண்டு கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுதிவைத்த காட்சியை எந்தப் படமும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. செனட் உறுப்பினராக இருந்த காசியஸ் டியோ சொல்கிறார்: கொமோடஸ் ஒரு தீக்கோழியைக் கொன்று, அதன் தலையை இடக்கையிலும் குருதி படிந்த வாளை வலக்கையிலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு செனட் உறுப்பினர்களின் முன் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை, உங்களுக்கும் இதுதான் என்பதுபோல் இளித்துத் தலையை ஆட்டினார். அவர்களுக்கோ அச்சத்தைவிடச் சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் அங்கேயே தலை போகும். டியோ தம் தலையில் அணிந்திருந்த மாலையிலிருந்து வாகை இலைகளைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார், அருகில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். தாடை அசைவதில் சிரிப்பு மறைந்துவிட்டது. உங்கள் கதைக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியது என்பதால் இதை அப்படியே பயன்படுத்த முடியாது. ரோமானியரிடமே காட்சி கிடைக்குமா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொன்னேன்.

செவ்வந்தி:

அந்த இலை மெல்லும் காட்சிக்காகவே இரண்டாம் பாகம் எழுதலாம் போலிருக்கிறது. கடைசியாக ஒரு சிறு ஐயம். தாயும் மகனும் தனித்தனியே உட்கார்ந்தால், விழா முடிந்தபின் அவ்வளவு கூட்டத்தில் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சந்திக்கும் இடம் என்று எதைச் சொல்லிவைப்பார்கள்?

பழஞ்சுவடி:

வாயில் எண்ணைச் சொல்லிவைப்பார்கள். அரங்கைச் சுற்றித் தரைமட்டத்தில் 80 வளைவுகள். அவற்றில் பொதுமக்களுக்கான 76-க்கும் மேலே ரோமானிய எண்கள் வெட்டப்பட்டிருந்தன. வெளிச்சுவரின் ஒரு பகுதி இடிந்துவிட்டதால் இன்று கண்ணுக்குத் தெரிபவை 23 முதல் 54 வரையிலான எண்கள் மட்டுமே. அந்த வரிசைக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். படிக்கும் பிள்ளைகள் இணையத்தில் உள்ள புகைப்படங்களில் அதே வளைவைத் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். ரோமானிய எண்ணில் 4 என்பதை அங்கே IV என்று அல்லாமல் நான்கு I-களாக (44 என்றால் XLIIII என்று) வெட்டியிருப்பார்கள் என்பதை மட்டும் எழுத்து வரைபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிழை என்று திருத்திவிடப் போகிறார்.